நாலாம் சரணம்

டைட்டஸ் வாங்கி வைத்த டீயை அன்றைக்கு ஒருத்தரும் தொடவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வண்டி சாயங்காலம் ஆறு மணிக்கு இறக்கிவிடும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து செதில் செதிலாக உரியும். வீட்டுக்குப் போய் முகம் கழுவக்கூட நேரமில்லாமல், டிபன் பையும் கையுமாக நேரே சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்குப் பாட்டுப் பயிற்சிக்கு வருவார்கள். வந்ததும் முதல் வேலை டீ. ரெண்டாவது வேலை, அன்றைக்குக் கம்பெனியில் யார் யாரிடம் திட்டு வாங்கினார்கள் என்கிற கதை. அதற்கப்புறம்தான் பாட்டு. அப்படிப்பட்ட பதினாலு பெண்கள், ஆவி பறக்கிற டீ கேனையும் ஒரு பை நிறையப் பொறை ரொட்டியையும் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

“டீ ஆறிடும்” என்றார் டைட்டஸ்.

“பரவால்ல சார்” என்றாள் முன் வரிசையில் இருந்த ஜெனிஃபா.

சார்! அந்த ஒரு வார்த்தையே போதும். கம்பெனியில் சார், சர்ச்சில் அண்ணா என்பதுதான் பதினாலு வருஷ வழக்கம். மற்ற பெண்களும் அன்றைக்கு சார் என்றே பேசினார்கள். அதாவது, பேச வேண்டி வந்தபோது.

டைட்டஸ் ஷூவின் மேல்தோல் தைக்கும் பிரிவில் லைன் இன்சார்ஜ். இந்தப் பதினாலு பேரில் ஒன்பது பேர் அவர் லைனில் தைப்பவர்கள். மனைவி லில்லி அதே கம்பெனியில் செக்கிங் மேசையில், தைத்து வரும் பீஸ்களைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவள். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசைக்கு அவள் குரல்தான் தூண். டைட்டஸ் பதினாலு வருஷமாக இந்தக் குழுவை நடத்துகிறார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் காது சுத்தம். இருபது பேர் பாடும்போது யார் ஒரு இம்மி பிசகினாலும் ஆளைக் காட்டிவிடுவார். ஆனால் நடத்துகிற விதம் இருக்கிறதே, அது கம்பெனி விதம். கையைத் தட்டுவார், கடிகாரத்தைப் பார்ப்பார். தப்பாகப் பாடினால் “ரிஜெக்ட்!” என்று கத்துவார். லைனில் திட்டு வாங்கின வாய் இங்கே வந்து அவர் கை அசைவுக்கு அல்லேலூயா பாட வேண்டும். இதைப் பதினாலு வருஷம் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், பாட்டு பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது வந்திருப்பது வேறு.

போன மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, கறுப்புத் தோலில் பெண்கள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆர்டருக்கு இஞ்சுக்குப் பத்துத் தையல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அடுத்து வரப்போகும் பிரவுன் தோல் ஆர்டருக்குச் சாம்பிள் ஓட்டிப் பார்க்க டைட்டஸ் ஜெனிஃபாவின் மெஷினில் உட்கார்ந்தார். அதற்கு ஏழு தையல். டயலை ஏழுக்குத் திருப்பினார், ரெண்டு பீஸ் ஓட்டினார், மெஷின் நம்பரும் நேரமும் எழுதின சீட்டில் கையெழுத்துப் போட்டு அந்தப் பீஸ்களில் கட்டினார். போன் வந்தது. எழுந்து போய்விட்டார். டயல் ஏழிலேயே நின்றது.

சாப்பிட்டு வந்த ஜெனிஃபா பத்துப் பீஸ் தைத்ததுமே கையைத் தூக்கினாள். “சார், தையல் தூரந்தூரமா விழுது. டயலெ கொஞ்சம் பாருங்க.” ஆபரேட்டர் டயலைத் தொடக்கூடாது, இன்சார்ஜ்தான் தொட வேண்டும் என்பது கம்பெனி ரூல்.

“டார்கெட்டுல நாப்பது ஜோடி கம்மி நிக்குது, உனக்கு டயலா இப்ப? பேசாம ஓட்டும்மா” என்று அந்தப் பக்கமே திரும்பாமல் போனார் டைட்டஸ்.

நாலு மணிக்குச் செக்கிங் மேசையில் லில்லி சிவப்பு அம்பு ஒட்ட ஆரம்பித்தாள். ஒட்டினாள், ஒட்டினாள், அம்புச் சுருளே தீர்ந்துபோயிற்று. நூற்று எண்பது ஜோடி. துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கின ஓட்டை அப்படியே நிற்கும். அத்தனையும் குப்பை.

மானேஜர் ஷபீ அஹமது வந்து கேட்டார். கத்துகிற ஆள் இல்லை. “யாரும் தொடாம டயல் தானா திரும்புமா?” என்று மட்டும் கேட்டார். டைட்டஸ் ஒரு நொடி மெஷினைப் பார்த்தார். பிறகு, ஆபரேட்டர் அனுமதியில்லாமல் டயலை மாற்றிவிட்டார் என்று ரிப்போர்ட் எழுதினார்.

“நான் கரெக்டாதான் தெச்சேன் சார்” என்றாள் ஜெனிஃபா. அதையே மூன்று தடவை சொன்னாள். மறுநாள் சஸ்பென்ஷன். ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதில் குற்றம் நிலைத்தால் வேலை போகும். ஆம்பூரில் எத்தனை கம்பெனி இருந்து என்ன? ஒரு கேட்டில் கெட்ட பெயர் அன்று சாயங்காலமே எல்லா கேட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தையலைத் தவிர அவளுக்கு வேறு வேலையும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் டைட்டஸ் அந்த மெஷினில் உட்கார்ந்ததை லைனில் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அடுத்த மெமோ அவர்களுக்கு. அதனால் கம்பெனியில் அவர்கள் பேசவில்லை.

அந்த வியாழக்கிழமை ராத்திரி வீட்டில், ரசம் விட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே டைட்டஸ் தானாகவே சொன்னார். “டயலெ நான்தான் திருப்பினேன் போலக்குது.”

“போலக்குதா?” என்றாள் லில்லி.

“திருப்பினேன். மறந்துட்டேன்.”

“காலையில போனதும் மானேஜராண்ட சொல்லிடுங்க.”

“சொன்னா? இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். அடுத்த மாசம் ஃப்ளோர் சூப்பர்வைசர் லிஸ்ட் வருது. சொன்னா என்னெத் தூக்கி லோடிங்ல போடுவாங்க. அவ சின்ன பொண்ணு, வேற எங்கன்னா பாத்துப்பா.”

“பேரு கெட்டவளெ எவன் உள்ள உடுவான்?”

“நீதானே அம்பு ஒட்டின? நூத்தி எண்பதையும் ஒட்டணும்னு இன்னா? பாதியெ கண்டுக்காம உட்டிருந்தா இவ்ளோ பேஜார் வந்திருக்குமா?”

லில்லி தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு வந்தது, சலவைச் சட்டை வந்தது, பேச்சு வரவில்லை. மறுநாள் கம்பெனியில் டைட்டஸ் அந்த ரெண்டு பிரவுன் சாம்பிளைத் தேடினார். எங்கேயும் இல்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதிதான்.

சஸ்பெண்ட் ஆனவள் பயிற்சிக்கு வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். வந்தாள். முதல் ஆளாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசுத்த வியாழன் ஆராதனை முடிந்ததும் ஆர்கனை வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பழைய ஆர்கன் எப்போதோ கெட்டுப்போய், அந்த மரப்பெட்டிக்குள் இப்போது இருப்பது ஒரு கீபோர்டு. இருந்தாலும் அதற்குப் பெயர் ஆர்கன்தான். ஈஸ்டர் விடியற்காலை விளக்கெல்லாம் அணைத்திருக்கும். பாடகர் குழு வாசலில் தொடங்கி, மூன்று சரணம் எந்த வாத்தியமும் இல்லாமல் பாடிக்கொண்டே உள்ளே நடந்து வரும். நாலாம் சரணம் தொடங்கும்போது டைட்டஸ் கையை உயர்த்துவார். அத்தனை விளக்கும் எரியும், ஆர்கன் முழங்கும். அதற்கு முன்னால் ஒரு கட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அந்த முதல் முழக்கத்துக்காகவே வருஷம் முழுக்க சர்ச் பக்கம் வராதவர்கள்கூட வருவார்கள்.

இதில் பாடகர்களுக்கு ஒரு கண்டம் இருக்கிறது. வாத்தியம் இல்லாமல் மூன்று சரணம் பாடினால் சுருதி தானாகவே இறங்கப் பார்க்கும். இறங்கின இடத்தில் ஆர்கன் வந்து நின்றால் அம்பலம்தான்.

டீயைத் தொடாத அந்தத் திங்கட்கிழமை டைட்டஸ் பிட்ச் பைப்பை ஊதிச் சுருதி கொடுத்தார். பாடினார்கள். அழகாகத்தான் பாடினார்கள். மூன்று சரணம் முடிந்து, ஹால் கீபோர்டில், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற நெல்வின் நாலாவதைத் தொட்டான். பல் கூசியது.

“அண்ணா, அரைச் சுரம் எறங்கிடுச்சு” என்றான் நெல்வின். முப்பது வயசு, வேலூர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரயிலில் வந்து இறங்கி நேரே பயிற்சிக்கு வருகிறவன். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான்.

“திரும்ப” என்றார் டைட்டஸ்.

திரும்பப் பாடினார்கள். அரைச் சுரம். மூன்றாவது தடவையும் அரைச் சுரம். கண்டபடி இறங்க யாராலும் முடியும். பதினாலு பேர் சேர்ந்து, ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்த மாதிரி அரைச் சுரம் மட்டும் இறங்குவதற்கு நல்ல பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் டைட்டஸ்தான், சந்தேகமில்லை! குழுவில் இருந்த ஆறு ஆண்களும் ஒன்றும் புரியாமல் பெண்களோடு சேர்ந்து இறங்கினார்கள்.

யாரையும் கைகாட்ட முடியவில்லை. அவ்வளவு சுத்தமான காதுக்கு ஒரு தனிக்குரல்கூட அகப்படவில்லை.

வேலூரில் முன்பு பாடகர் குழு நடத்துநர்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் புத்தகம் டைட்டஸின் வீட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதைப் புரட்டினார். சுருதி இறங்கினால் என்ன செய்வது என்று ரெண்டு பக்கம் போட்டிருந்தது. மூச்சு பத்தாமல் இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், அறையில் புழுக்கம் இருக்கலாம். நிற்க வைத்துப் பாடச் சொல்லுங்கள். இறங்கி வரும் சுரங்களைக் கிட்டக்கிட்ட வைக்கச் சொல்லுங்கள். இடம் மாற்றி உட்கார வையுங்கள். அப்பவும் இறங்கினால் அரைச் சுரம் ஏற்றித் தொடங்கிப் பாருங்கள்.

லில்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அந்தப் புஸ்தகத்துல இது இருக்காது” என்றாள். தையல் விவகாரத்துக்கு அப்புறம் வீட்டில் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

புதன்கிழமை புத்தகத்தில் இருந்த அத்தனையும் நடந்தது. ஜன்னலைத் திறந்தார். தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து காற்று அடித்து ஹாலே நாறியது, மூடினார். எழுந்து நிற்கச் சொன்னார், நின்றார்கள். பத்து எண்ணும்வரை மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார், விட்டார்கள். ஒன்று சொன்னால் ஒன்று செய்தார்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மனுஷனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“மூஞ்சியெ உம்முன்னு வச்சுக்கினு பாடினா சுருதி கீழதான் போவும். கொஞ்சம் சிரிச்சாப்ல வைங்க.”

“சிரிக்க இன்னா சார் இருக்குது?” என்றாள் ஜெஸி. அவளும் அவர் லைன்தான். ஆல்டோவில் லில்லிக்குப் பக்கத்து நாற்காலி.

“ஜெஸி, நீ அந்தக் கோடிக்குப் போ. ஜெனிஃபா, நீ பின் வரிசை.”

நாற்காலிகள் இழுபட்டன. பாடினார்கள். அரைச் சுரம். ஏற்றித் தொடங்கினார். முழுச் சுரமாக இறங்கினார்கள், ஏற்றினதையும் சேர்த்துக் கணக்காக. நெல்வின் கீபோர்டின்மேல் குனிந்துகொண்டான். ஆண்களின் பேஸ் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

டைட்டஸ் பாட்டுத் தாளை மேசையில் அறைந்தார். “இன்னா, விளையாட்டாக்குதா? எல்லாம் ஒண்ணா சேந்துக்கினு பண்றீங்க, எனக்குத் தெரியாதா? நாளைக்குக் கம்பெனிக்கு வருவீங்க இல்ல, அங்க வச்சுக்கறேன்!”

ஜெஸி கோடி நாற்காலியிலிருந்து நிமிர்ந்தாள்.

“வச்சுக்குங்க சார்” என்றாள் ஜெஸி. “நாங்க பாடிக்கினுதானே இருக்கறோம்.”

“லில்லி! நீயாவது சொல்லேன். உன் காதுல விழலியா?”

எல்லோரும் லில்லியைப் பார்த்தார்கள். அவள் சுருதியைப் பிடித்துக்கொண்டால் ஆல்டோ இறங்காது. ஆல்டோ இறங்காவிட்டால் மற்றவர்களாலும் முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“நல்லா விழுது” என்றாள் லில்லி. “நீங்க சுருதி குடுங்க.”

அடுத்த தடவையும் அரைச் சுரம்.

பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, சர்ச் வளாகத்தில் வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். ஏப்ரல் மாத வெயிலில் கால் பொரிந்தது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பச்சைப்பயறு கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டார்கள். டைட்டஸ் தள்ளி, ஆண்கள் பக்கம் தனியாக நின்றார்.

“ஞாயித்துக்கெழம இருக்குது அந்தாளுக்கு” என்றாள் ஜெஸி. “சபை மொத்தமும் பாக்கட்டும். சபை செகரெட்டரி ஏற்கெனவே வேற ஆளெப் போடணும்னு சொல்லிக்கினு இருக்கறாரு.”

ஜெனிஃபா கஞ்சியை ஊதினாள். “ஞாயித்துக்கெழம எறக்க வேணாம்.”

“இன்னாது?”

“நேரா பாடுவோம்.”

“ஏன்டி, உனக்கு ரோஷமே இல்லியா? உனக்காகத்தானே நாங்க இவ்ளோ பண்றோம்.”

“ரோஷம் இருக்கறதாலதான் சொல்றேன்” என்றாள் ஜெனிஃபா. “செய்யாததெச் செஞ்சேன்னு எழுதிட்டாரு. இப்ப நாம வேணும்னே தப்பா பாடினா, பாத்தியா, இவ எதெக் குடுத்தாலும் கெடுப்பான்னுதானே சொல்வாரு? என் கையில தப்பு வராதுடி. தையல்லயும் வராது, பாட்டுலயும் வராது. அதுவும் ஈஸ்டர் பாட்டு. அது இன்னா அவரு அப்பன் வீட்டுச் சொத்தா? சுத்தமா பாடுவோம். பாடிக்கினே அவரு மூஞ்சியெ நேரா பாப்போம். அவரு எங்க பாப்பாருன்னு பாக்கலாம்.”

ஜெஸி துவையலை வழித்துக் கஞ்சியில் கலக்கினாள்.

“திங்கக்கெழம விசாரணை?” என்றாள் ஜெஸி.

“அது திங்கக்கெழம.”

லில்லி தன் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். “நான் புடிச்சுக்கறேன்” என்றாள். “ஆல்டோ எறங்காது.”

சனிக்கிழமை சாயங்காலம் லில்லி மறுநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டைட்டஸ் அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நேரா பாடுவாங்க” என்றாள் லில்லி.

டைட்டஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “யாரு சொன்னது?”

“ஜெனிஃபாவே சொல்ட்டா.”

“ஜெனிஃபாவா! நல்லாக்குது. நான் நம்பிப் போயி நிப்பேன், ஆர்கன் மேல வந்து மோதும், சபை கைகொட்டிச் சிரிக்கும். அதானே பிளானு? உன்னெ வுட்டே சொல்லி அனுப்பறாங்க பாரு.”

“என்னெ யாரும் அனுப்பல. நான் உங்க பொண்டாட்டி.”

“ரெண்டு வாரமா அப்படி ஒண்ணும் தெரியல.”

லில்லி கத்தியைக் கீழே வைத்தாள். “ஜனங்க நல்லது செய்வாங்கன்னு உங்களால நெனைக்கவே முடியலியா?”

“இருபத்திரெண்டு வருஷம் லைன் பாத்தவன் நான். யாரு எப்ப இன்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப சரி” என்று லில்லி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். “நான் சொல்ல வேண்டியதெச் சொல்ட்டேன்.”

அடப்பாவி மனுஷா, அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் புத்திசாலித்தனத்தில்தான் நம்பிக்கை.

ஈஸ்டர் விடியற்காலை நாலு மணிக்கு குழுவில் முதல் ஆளாக டைட்டஸ் சர்ச்சுக்கு வந்தார். மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வெளியே இருந்தார்கள். உள்ளே யாருமில்லை. நேரே ஆர்கனிடம் போய் வெள்ளைத் துணியைத் தூக்கினார். தன்னிடம் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டார். கீபோர்டில் சுருதியை ஏற்ற இறக்க ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினார். மங்கலான சின்னக் கண்ணாடித் திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது. இப்போது எந்தக் கட்டையை அழுத்தினாலும் அரைச் சுரம் கீழேதான் பேசும். அவர்கள் அரைச் சுரம் இறங்கி வரட்டும், ஆர்கனும் அங்கேயே காத்திருக்கும். சபைக்குத் தெரியாது. திமிர் பிடித்த அந்தப் பதினாலு பேர் வாயைப் பிளக்க வேண்டியதுதான்.

பெட்டியைப் பூட்டித் துணியைப் பழையபடி போர்த்தினார். நெல்வினிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். நெல்வின் இருட்டில் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்தான். சபை எழுந்து நின்றது. வாசலில் டைட்டஸ் பிட்ச் பைப்பை ஊதினார்.

முதல் சரணம். மெழுகுவர்த்தி ஏந்திப் பாடிக்கொண்டு நடந்தார்கள். டைட்டஸ் அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். ஒரு பெண்கூடத் தாளைப் பார்க்கவில்லை. பதினாலு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். முன்னால் ஜெனிஃபா. இமைக்காமல் பார்த்துக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல் பாடினாள். டைட்டஸ் பார்வையைத் தாழ்த்தி மெழுகுவர்த்திகளைப் பார்த்தார்.

ரெண்டாம் சரணத்தில் அவர் காது அவருக்குச் சொல்லிவிட்டது. இறங்கவில்லை. மூன்றாவதில்தான் இறக்குவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மூன்றாவதும் வந்தது. லில்லியின் ஆல்டோ ஆணி அடித்த மாதிரி நின்றது. கடைசி வரி. கொடுத்த சுருதியிலேயே, மயிரிழை நகராமல் பாடி நின்றார்கள். பதினாலு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு சுத்தமாகப் பாடினதே இல்லை.

டைட்டஸ் ஆர்கன் பக்கம் திரும்பினார். ஆர்கன் இருபது அடி தள்ளி இருந்தது. வாசிக்காதே என்று நெல்வினைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். பதினாலு வருஷமாக அந்தக் கை உயர்ந்தால் ஒரே அர்த்தம்தான்.

அத்தனை விளக்கும் எரிந்தது. நெல்வின் பத்து விரலையும் இறக்கினான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? தகரத்தில் ஆணியை இழுத்தால் வருமே, அது. குழந்தைகள் காதைப் பொத்தின. ஆயர் திரும்பிப் பார்த்தார். நெல்வின் பதறிக் கையை எடுத்தான், மறுபடி வைத்தான், மறுபடி அதே அலங்கோலம். கையை எடுத்தே விட்டான். பாட்டு நின்றது. வருஷா வருஷம் முழங்குகிற நாலாம் சரணம் அந்த வருஷம் இல்லை. ஆயர் சுதாரித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்து சபை கலைந்ததும் செகரெட்டரி இன்பசேகரன் நேரே ஆர்கனுக்கு வந்தார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். அங்கி கழற்றிக்கொண்டிருந்த குழு மொத்தமும் அங்கேதான் நின்றது.

“சென்னையில போயி பியானோ பரீட்சை எட்டாவது கிரேடு பாஸ் பண்ணேன்னியே, இதுக்குத்தானா? எண்பது வருஷ வழக்கத்தெ நாற அடிச்சுட்டியே!”

“நான் கரெக்டாதான் வாசிச்சேன் சார்” என்றான் நெல்வின்.

அங்கியின் பொத்தானில் இருந்த ஜெனிஃபாவின் கை நின்றது. லில்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆர்கனிடம் போய்க் குனிந்தாள். செக்கிங் மேசையில் உட்கார்ந்தவள் கண், குறை எங்கே என்று தேட அதற்கு நேரம் ஆகாது.

“நெல்வின், இதுல மைனஸ் ஒண்ணுன்னு இருக்குது. நீ வச்சியா?”

நெல்வின் எட்டிப் பார்த்தான். “இல்லக்கா. நான் துணியெ எடுத்தேன், வாசிச்சேன். இதெத் தொடவே இல்ல.”

“யாரும் தொடாம தானா மாறுமா?” என்றார் இன்பசேகரன். “பொறுப்பு வேணாம்? இனிமே நீ இதுல உக்கார வேணாம். ஆர்கன் சாவியெக் குடு.”

நெல்வின் பாக்கெட்டில் கைவிட்டான். லில்லி நிமிர்ந்து, தூண் ஓரமாக நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். மற்ற பெண்களும் அவள் பார்த்த பக்கம் திரும்பினார்கள்.

சாவி வெளியே வந்தது.

“குடுக்காத நெல்வின்” என்றார் டைட்டஸ். “நான்தான் மாத்தி வச்சேன்.”

“நீங்களா? ஏன்?” என்றார் இன்பசேகரன்.

“இவங்க எறக்குவாங்கன்னு நெனச்சேன். அதுக்குத் தகுந்தாப்ல வச்சேன்.”

“நெனச்சீங்க” என்றாள் ஜெனிஃபா. “வாசிக்கறவர் கிட்ட ஒரு வார்த்தெ சொல்லல. பழி அவரு தலையில விழுந்துச்சு. நீங்க தூண் மறைவுல நின்னுக்கினு பாத்தீங்க.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “இது ஒண்ணு மட்டும்தான் நீங்க மாத்தினதா சார்?”

டைட்டஸ் செகரெட்டரியைப் பார்த்தார், நெல்வினைப் பார்த்தார். வாசலில் யாரோ ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டயலும் நான்தான் திருப்பினேன்” என்றார்.

இன்பசேகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா டயலு?” என்று ரெண்டு தடவை கேட்டார். ஜெஸி அழ ஆரம்பித்தாள். ஜெனிஃபா அழவில்லை, நன்றி சொல்லவுமில்லை. அங்கியைக் கழற்றி நாலாக மடித்து ஆர்கன்மேல் வைத்தாள்.

“இங்க சொன்னா எனக்கு இன்னாத்துக்கு ஆவும்? என் பஞ்ச் கார்டு அங்க இருக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு மானேஜர் முன்ன நின்னு இதே வாயால சொல்லுங்க. அப்பறம் அண்ணான்னு கூப்புடணுமா வேணாமான்னு யோசிக்கறேன்.”

“நாளைக்கு…” என்றார் டைட்டஸ். “கொஞ்சம் பாத்துப் பக்குவமா…”

லில்லி பொத்தானை அழுத்தி மைனஸ் ஒன்றைச் சுழியமாக்கினாள். சுவிட்சை அணைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க தேடின அந்த ரெண்டு பிரவுன் பீஸ், அன்னிக்கே செக்கிங் மேசைக்கு வந்துச்சு, எங்கிட்டதான் இருக்குது” என்றாள். “மெஷின் நம்பரு, நேரம், உங்க கையெழுத்து, எல்லாம் அந்தச் சீட்டுல இருக்குது. நீங்களே சொல்வீங்கன்னு ரெண்டு வாரமா டிராயர்ல வச்சுக்கினு காத்துக்கினு இருந்தேன். பத்து மணி வரைக்கும் பாப்பேன். பத்தேகாலுக்கு நான் கொண்டுபோய் மானேஜர் மேசை மேல வச்சிடுவேன்.”

பாட்டுத் தாள்களை அடுக்கிப் பையில் போட்டாள். அரிசி ஊற வைக்க வேண்டும் என்று ஜெஸியிடம் சொல்லிவிட்டு, டைட்டஸுக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.